இலுப்பை மேட்டின் தென்முடி

அனுப்புநர்:
ப. அமிர்தம்,
க/பெ. பக்கிரி,
சுனாமி மறுவாழ்வுக் குடியிருப்பு,
வெள்ளோடைக்குப்பம்,
கடலூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: செம்மண் குவாரி – மேட்டுச்சாவடி கிராமம், இலுப்பை மேடு – தென்முடியில் எஞ்சிய பகுதிக்குப் புதிய குத்தகை வழங்க உத்தேசம் – கடல் தொழில் செய்வோரின் உயிர்ப் பாதுகாப்பு கருதி ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: மேட்டுச்சாவடி கிராம நிர்வாக அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள, ஆட்சேபணை கோரும் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலையை வெட்டுவது பற்றி மீன்காரி ஒருத்தி எதற்கு மனு கொடுக்கிறாள் என்று தங்களுக்குத் தோன்றும். தோன்றுவது நியாயம்தான். சுருக்கமாகச் சொன்னால், அந்த மேட்டில் மிச்சமிருப்பதும் போய்விட்டால் என் மகன் கடலிலிருந்து கரைக்கு வருகிற வழியும் போய்விடும். எப்படி என்பதை ஏழாவது பத்தியில் எழுதியிருக்கிறேன். நேராக அங்கே போனால் விளங்காது. எத்தனையோ வேலைக்கு நடுவே சிரமம்தான் என்றாலும் ஒன்றிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என் கணவர் பக்கிரி வயசுக் காலம் முழுக்கக் கடலில் இருந்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். மகன் மணிவண்ணன் சில காலம் குடிகாடு பக்கம் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு, அது பிடிக்காமல் போன வருடம் படகுக்குத் திரும்பிவிட்டான். மகள் சுவாதி சிதம்பரத்தில் தங்கி மண்ணையும் பாறையையும் பற்றிய பட்டப்படிப்பு படிக்கிறாள். இம்மனுவில் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தால் அது அவளால். கருத்தைத் திருத்த மட்டும் நான் விடவில்லை.

2. இலுப்பை மேடு என்பது எங்கள் குப்பத்துக்கு மேற்கே இருக்கும் செம்மண் மேடு. ஏற்காடு, ஊட்டி பார்த்தவர்களிடம் இதை மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். கடலில் இருந்து பார்க்கிறவனுக்கு இதுதான் மலை. தரையெல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும் இடத்தில் இது ஒன்றுதான் தலைதூக்கி நிற்கிறது. வடக்கே ஒரு முடி, தெற்கே ஒரு முடி, நடுவில் ஒரு பள்ளம்.

இந்த மேடு இங்கே பிறந்தது அல்ல என்கிறாள் என் மகள். மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலை இருக்கிறதல்லவா, அதிலுள்ள கல்வராயன் மலை போன்ற மலைகள் லட்சக்கணக்கான வருட மழையில் கரைந்து, அந்த மணலையும் கூழாங்கல்லையும் ஆறுகள் கடலை நோக்கி அடித்து வந்தபோது வழியில் இங்கே தங்கிவிட்டதாம். பிறகு இரும்புத் துரு ஏறிச் சிவந்து இறுகிவிட்டதாம். அவள் வகுப்பையே ஒருமுறை வேனில் அழைத்துவந்து, குவாரியில் வெட்டிய சுவரில் கூழாங்கல் வரிவரியாகப் படிந்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். கோழிமுட்டை அளவில் வழவழவென்று ஒரு கல் எடுத்துவந்தாள். கல்வராயன் மலையிலிருந்து இவ்வளவு தூரம் உருண்டு வந்த கல் என்று சொல்லி டி.வி. மேல் வைத்திருக்கிறாள். நான் அதைத் துடைக்கும்போதெல்லாம், கடலுக்குப் போகிற வழியில் எங்களுக்காக நின்ற மலை என்று நினைத்துக்கொள்வேன்.

கல் மலையாக இருந்தால் வெடி வைக்க வேண்டும், அனுமதி வேண்டும், ஆயிரம் தொல்லை. இதற்கு ஒரு ஜே.சி.பி. போதும். ஆறுகள் எத்தனையோ யுகமாகக் கொண்டுவந்து சேர்த்ததை லாரிகள் மதியச் சாப்பாட்டுக்குள் அள்ளிவிடுகின்றன. ஒருமுறை போனால் இன்னொரு மலை கரைந்து வந்தால்தான் உண்டு.

அந்த மேடு சும்மா நிற்கவில்லை. பெய்கிற மழையை உள்ளே இழுத்துவைத்துக்கொண்டு, கோடையில் அடிவாரத்துக் கிணறுகளுக்கு விடுகிறது. முந்திரியும் பலாவும் அந்த ஈரத்தில்தான் காய்க்கின்றன. மயிலும் உடும்பும் அங்கே உண்டு. வெட்ட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு மழைக்கும் சுவர் சரிந்து செம்மண் ஓடையில் இறங்குகிறது. ஐப்பசியில் எங்கள் ஓடை கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தால் ஆரத்தி கொட்டிய வாசல்போலச் சிவந்து கிடக்கிறது.

3. தென்முடியின் ஓரத்தில், பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய இலுப்பை மரம் நின்றது. அதனால்தான் இலுப்பை மேடு. மரத்தடியில் ஒரு கல். எங்கள் குப்பத்து ஆண்கள் மாசிமகம் முடிந்த மறுநாள் அங்கே போவார்கள். கல்லுக்கு மஞ்சள் பூசி விளக்கு வைத்துவிட்டு, மரத்தைச் சுற்றி வளர்ந்த முந்திரிக் கிளைகளையும் முள்ளையும் வெட்டித் துப்புரவு செய்வார்கள். மரம் நாலு பக்கமும் வெளியே தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. பக்கத்து நிலத்துக்காரர்களுக்குக் கூடையில் கருவாடு கொடுப்போம். அவர்கள் பலாப்பழம் கொடுத்தனுப்புவார்கள். அந்த ஓரத்தில் தைல மரம் வைக்கக் கூடாது, உயரமாக எதுவும் வளர்க்கக் கூடாது என்று பேச்சு. எழுத்தில் எதுவும் கிடையாது. முந்திரித் தோப்பு வைத்திருக்கும் திரு. சக்கரபாணி, ஊரெல்லாம் தைல மரம் போட்டுக் காசு பார்த்தபோதுகூட அந்த ஓரத்தில் போடவில்லை. சாமி மரத்தை மறைக்கக் கூடாது என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

4. சுனாமியில் எங்கள் குப்பம் போனது தங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கும். கட்டுமரங்கள் போயின. பிறகு நிவாரணத்தில் ஃபைபர் படகும் இன்ஜினும் வந்தன. கரையைவிட்டுத் தள்ளிப் பள்ளமான இடத்தில் மண் அடித்து மேடாக்கி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கொடுத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். அந்த மேட்டுக்கு அடித்த மண் இலுப்பை மேட்டு மண். ஊரே பார்த்தது, லாரி லாரியாக வந்தது. இன்றைக்கு நான் காலையில் சாணி தெளித்துக் கோலம் போடும் வாசல் அந்த மலைதான். ஆகவே குவாரியே கூடாது, செம்மண்ணே எடுக்கக் கூடாது என்று நான் எழுதினால் என் வாசலே என்னைப் பார்த்துச் சிரிக்கும். அப்படி எழுதவில்லை. தென்முடியின் விளிம்பை மட்டும் விடுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வீடுகளுக்குப் பிறகு சாலைக்கு மண் வேண்டியிருந்தது, மனைப் பிரிவுகளுக்கு மண் வேண்டியிருந்தது. திரு. வைத்திலிங்கம் என்பவர் முறைப்படி குத்தகை எடுத்தார். வெட்டிக்கொண்டே இலுப்பை அருகில் வந்தபோதுதான் எங்கள் ஆட்களுக்குப் பதறியது. லாரியை மறித்தார்கள். அதிகாரிகள் மரத்தடிக்கே வந்து, கூட்டம் போட்டு, மரியாதையாகக் கேட்டார்கள்: இது உங்கள் ஊர் எல்லைகூட இல்லையே, இந்த மரம் உங்களுக்கு எதற்கு?

ஐயா, இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் எங்கள் தலையில் மண்ணைப் போட்டார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "அங்க எங்க சாமி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நானே போட்டு உடைத்திருப்பேன் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருப்பேனா, தெரியாது. நானும் அதே குப்பத்தில் பிறந்தவள்தான்.

5. திரு. வைத்திலிங்கம் அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. தெய்வபக்தி உள்ளவர். சாமிதானே பிரச்சினை, சாமிக்கு நான் செய்கிறேன் என்றார். மரம் இருந்த இடத்திலிருந்து வடக்கே நன்றாகத் தள்ளி, குத்தகை எல்லைக்கு வெளியே, வடமுடியில் சிமெண்ட்டில் கோயில் கட்டினார். உச்சியில் கலசம், நாலு பக்கமும் வெள்ளை அடித்து, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி. இலுப்பையடி அய்யனார் கோயில் என்று பெயர் எழுதினார். மரத்தடிக் கல்லை மேளம் வைத்துத் தூக்கிப்போய் உள்ளே வைத்தார்கள். சென்ற ஆண்டு வைகாசியில் கும்பாபிஷேகம். எங்கள் குப்பம் முழுவதற்கும் சாப்பாடு போட்டார். நானும் போய்ச் சாப்பிட்டேன். பாயசம் நன்றாகவே இருந்தது.

கேட்டது கிடைத்துவிட்ட பிறகு எந்த வாயால் வேண்டாம் என்பது? எங்கள் ஆண்கள் கும்பிட்டுவிட்டு வந்து அவரவர் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே மரம் விழுந்தது. என் கணவருக்கு அப்போதே பார்வை மங்கல். மரம் விழும் சத்தம் இங்கே கேட்டிருக்க வழியே இல்லை. ஆனாலும் விழுந்த நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு வலை ஊசியைக் கையால் தொடவில்லை.

6. சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை விட்டு இரண்டொரு நாள் கழித்து, மணிவண்ணன் இரண்டு கூட்டாளிகளோடு எங்கள் படகில் போனான். முன்பு அப்பாவோடு போனபோதெல்லாம் அவன் வலை இழுக்கிறவன். கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவனுக்குக் கரை எப்படித் தெரியும்? இன்ஜின் பிடித்து அவனாகப் படகைக் கொண்டுவந்தது அந்தப் பருவத்தில்தான். திரும்பும்போது கரையோரம் மூட்டமாக இருந்தது. மேட்டில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தான். வெள்ளைவெளேரென்று கோயில் தெரிந்தது. கோயில் கட்டியபோது அவன் கம்பெனி வேலையில் இருந்தவன். இலுப்பையடி அய்யனார் என்று எழுதியிருக்கிறதே, இலுப்பை நின்ற இடத்தில்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். அந்தக் கோயிலைக் குறியாக வைத்துப் படகை விட்டான். நேராகப் பாறையில் போய் ஏறியது.

கட்டுமரமாக இருந்தால் பாறையில் தட்டித் தவழ்ந்து இறங்கிவிடும். மரக்கட்டைகள்தானே, நாலு சிராய்ப்போடு போகும். ஃபைபர் அப்படியல்ல. வேகமாக வந்து மோதினால் முட்டை ஓடுமாதிரி பிளந்துவிடும். பிளந்துவிட்டது. ஒருவனுக்குத் தொடை கிழிந்தது. மணிவண்ணனுக்கு இடது தோள் இறங்கிவிட்டது. மூவரும் உடைந்த படகுத் துண்டையும் காலி கேனையும் பிடித்துக்கொண்டு அலையில் கிடந்தபோது, அந்த வழியாகப் போன பக்கத்துக் குப்பத்து ஆண்டி என்பவர்தான் கயிறு வீசி ஏற்றினார். அந்தக் குப்பத்துக்கும் எங்களுக்கும் வலைத் தகராறு, போலீஸ் கேஸ் எல்லாம் உண்டு. அதையெல்லாம் பார்க்காமல் ஏற்றினார். ஏற்றிவிட்டு, "ஏன் மாப்ள, இந்தப் பாறை மேல வந்து எதுக்கு உழுந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

என் மகன் பதில் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றிய மனுஷனிடம்கூட வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் மடியில் தலை வைத்து அழுதான், அப்போதும் ஆண்டியிடம் சொன்னாயா என்று அவன் அப்பா கேட்டதற்கு, "சொல்லலப்பா" என்றான். இவரும் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் சேர்த்து ஓடையில் தள்ளலாம்போல இருந்தது. மனுவில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்கிறாள் மகள். மன்னிக்கவும், எழுதியாகிவிட்டது.

7. எதைச் சொல்லவில்லை என்றால், இதை.

எங்கள் குப்பத்துக்கு நேரே கடலுக்குள் பாறைத் திட்டு ஒன்று நீளமாகக் கிடக்கிறது. மேலே தெரியாது. அதன் நடுவே ஒரு வாய் இருக்கிறது. படகு தாராளமாக நுழையலாம். அந்த வாயில்தான் மீனும் கூடும். எங்கள் குப்பத்தின் சோறு அந்த வாயில்தான் இருக்கிறது. கடல் மேல் அதற்குக் கொடியோ கம்போ கிடையாது. கரையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடலோரம் மாதா கோயில் இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள சிலுவைக்குப் பின்னால், தூரத்தில், மேட்டு இலுப்பை. கடலிலிருந்து வருகிறவன் சிலுவைக்கு நேர் மேலே இலுப்பை வருகிற மாதிரி படகைப் பிடித்தால் வாய்க்குள் வருவான். இலுப்பை இல்லாமல் வடக்கே உள்ள வெள்ளைக் கோயிலைச் சிலுவைக்கு நேரே வைத்தால், படகு தெற்கே ஒதுங்கிப் பெரும்பாறையில் ஏறும். மணிவண்ணன் ஏறியது அப்படித்தான்.

இது எங்கள் குப்பத்தின் ரகசியம். மகன் இன்ஜின் பிடிக்கும் நாளில் அப்பா காதில் சொல்வது. பெண்களுக்குத் தெரியாது என்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதா கோயில் சாமியாருக்கும் தெரியாது. வேற்று ஊர்ப் படகு வந்தால் வாயின் பக்கமே போகாமல் சும்மா சுற்றிவிட்டு வருவார்கள் எங்கள் ஆட்கள், அவ்வளவு கெட்டி. அதனால்தான் அந்தக் கூட்டத்தில் மரம் எதற்கு என்று கேட்டபோது சாமி என்று சொன்னார்கள். பாவம், அந்தச் சாமி எங்கள் பொய்க்காகக் கல்லோடு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பத்தியை எழுத என் கணவர் சம்மதிக்கவில்லை. கோபித்துக்கொண்டு நேற்றெல்லாம் பேசவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் என்ன தண்டம் போடுவார்களோ தெரியாது, போடட்டும். தங்களிடம் ஒரு வேண்டுகோள்: மற்றப் பத்திகளைப் பலகையில் ஒட்டினாலும், தாராளமாக நகல் கொடுத்தாலும், இந்த ஏழாம் பத்தியைத் தாங்கள் மட்டும் படித்துவிட்டு மடித்துவைக்க வழியிருந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

8. ஜி.பி.எஸ். கருவி வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். மகளும் கேட்டாள். நல்ல கருவிதான், எங்கள் குப்பத்தில் சில படகுகளில் இருக்கிறது, ஆழ்கடலில் மிகவும் உதவுகிறது. மணிவண்ணனும் வாங்கத்தான் போகிறான். ஆனால் பாறை வாயில் அலை தூக்கும் நேரத்தில் ஒரு கை இன்ஜினில், ஒரு கை படகு விளிம்பில். கண் அலையைப் பார்க்க வேண்டும், தலையைத் தூக்கினால் கரை தெரிய வேண்டும். அந்த நேரத்தில் குனிந்து பெட்டியைப் பார்க்கிறவன் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவான். கருவி இருக்கட்டும், மலையும் இருக்கட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

9. மரம்தான் போய்விட்டதே, இனி மேடு எதற்கு என்றும் கேட்கலாம். மரம் முழுக்கப் போகவில்லை, ஐயா. இந்தச் சித்திரையில் நான் மேலே போய்ப் பார்த்தேன். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து இலுப்பை துளிர்த்திருக்கிறது. என் இடுப்பு உயரத்துக்கு நாலைந்து கிளை, இலையெல்லாம் செம்புச் சிவப்பில். அப்படியே விட்டால் என் மகனுக்கு மகன் பிறந்து இன்ஜின் பிடிக்கும்போது கடலிலிருந்து தெரியும். குவாரிச் சுவர் அந்தக் கட்டைக்கு மிக அருகே வந்து நிற்கிறது. புதிய குத்தகை கொடுத்தால் முதல் நாள் ஜே.சி.பி. எடுப்பது அந்த இடத்தைத்தான்.

இறங்கும் வழியில் திரு. சக்கரபாணி அவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அடப்பாவிங்களா, இத்தினி வருஷமா சாமி மரம்னு நெனச்சு போறப்ப வரப்பல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டனே" என்றார். பிறகு சிரித்துவிட்டார். அவருக்கும் கவலை இருக்கிறது. வெட்டிய பக்கம் தோப்பு மண் சரிந்து முந்திரி வேரெல்லாம் வெளியே தொங்குகிறது, கிணற்றில் தண்ணீர் ஜாஸ்தி இறங்கிவிட்டது. இம்மனுவில் அவரும் கையெழுத்திட்டுள்ளார். இனிமேலும் கருவாடு வருமா என்று கேட்டுக்கொண்டே போட்டார். வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

10. ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது:

(அ) தென்முடியில் மிச்சமுள்ள பகுதியைக் குத்தகைக்கு விடாமல், இலுப்பைக் கட்டையும் அதைச் சுற்றிய விளிம்பும் சரியாமல் இருக்க ஆவன செய்ய வேண்டும். செம்மண் வேண்டுமென்றால் கடலுக்குத் தெரியாத மேற்குச் சரிவில், தோப்புகளுக்கும் கிணறுகளுக்கும் கேடு வராத இடமாகப் பார்த்து, அளவோடு எடுப்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை.

(ஆ) இலுப்பை வளரும் வரை அந்தக் கட்டை அருகே உயரமான பனங்கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். கம்பு, துணி, கூலி எல்லாம் எங்களுடையது. அனுமதி மட்டும் போதும்.

(இ) இது சொல்லவே சங்கடமானது. வரும் கார்த்திகைக்கு அய்யனார் கோயிலில் பெரிய விளக்கு போடப்போவதாகக் கோயில் கமிட்டியார் சொல்கிறார்கள். இருட்டி வருகிற படகுகள் அதைப் பார்த்துத்தான் வரும். கோயிலின் கிழக்குச் சுவருக்கு வெள்ளைக்குப் பதில் இலைப் பச்சை அடிக்கவும், விளக்குக்குக் கடல் பக்கம் மறைப்பு வைக்கவும் தாங்கள் கமிட்டியாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாமி கோயிலை மறை, சாமி விளக்கை மூடு என்று சொல்ல எங்கள் குப்பத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் பொய்யால் வந்த சாமியாக இருந்தாலும் சாமி சாமிதான். அரசாங்கம் சொன்னால் கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறோம்.

உடைந்த படகுக்கு நஷ்டஈடு கேட்டு இம்மனுவைக் கொடுக்கவில்லை. மணிவண்ணனின் தோள் ஆறிவிட்டது. வேறொருவர் படகில் இன்ஜின் பிடிக்கிறான். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. மூட்டமான காலையில் அவன் கரையைப் பார்த்துத் தலை தூக்கும்போது, மேட்டில் சரியான இடத்தில் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். எங்கள் வாசலில் அடித்த செம்மண்ணைத் திருப்பிக் கொண்டுபோய் அங்கே கொட்டுங்கள் என்று தாங்கள் உத்தரவிட்டால்கூட, குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் மீன் கூடையில் சுமந்து போய்க் கொட்டுவோம்.

ஒருமுறை நேரில் வந்து மேட்டையும், முடிந்தால் எங்கள் படகில் ஏறிக் கடலிலிருந்து அந்த மேட்டையும் பார்த்த பிறகு முடிவெடுக்குமாறு கைகூப்பி வேண்டுகிறேன்.

இடம்: கடலூர்
நாள்: 20.09.2010

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. அமிர்தம்

உடன் கையெழுத்திட்டோர்: மேட்டுச்சாவடி சக்கரபாணி மற்றும் அடிவார விவசாயிகள், வெள்ளோடைக்குப்பம் மீன் விற்கும் பெண்கள்.

இணைப்பு: கடலிலிருந்து மேடு தெரியும் விதம், மணிவண்ணன் வரைந்த படம் ஒன்று. இலுப்பைத் துளிரின் புகைப்படம் ஒன்று.

பின்குறிப்பு: மனுவை மடித்து உறையில் போடும் நேரத்தில் என் கணவர் முழுவதையும் ஒருமுறை படிக்கச் சொன்னார். மகள் படித்தாள். ஏழாம் பத்தி வந்ததும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. முடிந்த பிறகு கீழ்க்கண்டதைச் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "தண்ணி வத்தியிருக்கிற நேரத்துல இலுப்பைய சிலுவைக்கு நேரா வைக்கக் கூடாது. ஒரு விரக்கடை வடக்க தெரியிற மாதிரி வைக்கணும். தெக்குப் பாறை வால் நீட்டிக்கிட்டு இருக்குது. எழுதுறதுதான் எழுதுற, சரியா எழுது. ஆண்டி மாதிரி ஆளு எவனாவது இதக் கேள்விப்பட்டு வந்து பாறையில ஏறிடப் போறான்."

ஆகவே ஏழாம் பத்தியை மடித்துவைக்க வேண்டும் என்று மேலே கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பலகையிலேயே ஒட்டிவிடலாம்.